இரண்டு மருந்து சேர்ந்தால் மூச்சுக்குழல் எவ்வளவு தளரும்? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகத்தைச் சுற்றி வருகின்றன: இழைப்புக்கான மருந்துகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கொடுக்கலாமா? நாய், பூனை, குதிரை வளர்ப்பவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் இருக்கும் மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள். கீழே அளவுகளை எழுதியிருப்பது உங்கள் கால்நடை மருத்துவரிடம் விவரம் தெரிந்து பேசுவதற்காகத்தான். அவரைக் கேட்காமல் நீங்களே கொடுத்துவிடாதீர்கள்.

டோங்காட் வாசகி: எங்கள் பூனைக்கு 6 வயது, எடை 4 கிலோ. ஆஸ்துமாவுக்காகக் காலை மாலை ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு, மூச்சு இழுக்கும்போது மட்டும் சால்பியூட்டமால் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கரும்பு எரிக்கும் நாட்களில் கரி பறந்து வந்தால் அதற்கு இழைப்பு கூடுகிறது. என் மாமனாரின் நெபுலைசர் குப்பியில் சால்பியூட்டமாலும் இப்ராட்ரோபியமும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டு மருந்து என்றால் பூனைக்கு இன்னும் நன்றாகக் கேட்குமா?

பதில்: சேர்த்தால் தளர்வு கூடும் என்பது உண்மை. ஆனால் அந்தக் குப்பியை அப்படியே ஊற்றிவிடாதீர்கள்.

மூச்சுக்குழலைச் சுற்றியிருக்கும் தசைக்கு வேகஸ் நரம்பு வழியாகத்தான் சுருங்கச் சொல்லும் செய்தி வருகிறது. நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின் தசையின் எம்-3 ஏற்பியில் (செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதம்) ஒட்டுகிறது, உள்ளே கால்சியம் ஏறுகிறது, தசை இறுகுகிறது. இப்ராட்ரோபியம் அந்த ஏற்பியை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. அது தசையை நேரடியாகத் தளர்த்தும் மருந்து அல்ல, சுருங்கச் சொல்லும் செய்தியைத் தடுக்கும் மருந்து. சால்பியூட்டமால் வேறு வழி. பீட்டா-2 ஏற்பி மூலம் தசைக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற, தளரச் சொல்லும் பொருளின் அளவை ஏற்றி, எந்தக் காரணத்தால் சுருங்கியிருந்தாலும் தளர்த்தப் பார்க்கும். அசிட்டைல்கோலினின் பிடி பலமாக இருந்தால் மட்டும் சால்பியூட்டமாலின் கை தாழ்ந்துவிடும். அதே தசையில் இருக்கும் எம்-2 ஏற்பியும் சைக்ளிக் ஏ.எம்.பி. உருவாவதைக் கீழே இழுக்கிறது. இப்ராட்ரோபியம் இரண்டையும் அடைப்பதால், அதே அளவு சால்பியூட்டமாலுக்குக் கூடுதல் தளர்வு கிடைக்கிறது. இப்ராட்ரோபியம் மட்டும் தனியே கொடுத்தால் பூனைக்குப் பெரிதாகப் பயன் தெரியாது.

இனி குப்பிக்கு வருவோம். 2.5 மி.லி. குப்பியில் சால்பியூட்டமால் 2.5 மி.கி., இப்ராட்ரோபியம் 0.5 மி.கி. இருக்கின்றன. அது பெரிய மனிதருக்கான அளவு. உங்கள் இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். அந்தக் கணக்கில் குப்பி முழுவதும் 25 பஃப். நெபுலைசரில் பெரும்பகுதி வீணாகப் போகும் என்றாலும், 4 கிலோ உடம்புக்கு எவ்வளவு சேரும் என்பதை வீட்டில் கணக்கிட முடியாது. இன்னொரு சங்கடம்: நெபுலைசரிலிருந்து வரும் மருந்துப் புகை கண்ணில் பட்டால் இப்ராட்ரோபியம் அந்தக் கண்ணின் பாப்பாவை விரித்துவிடும். ஒரு கண் பாப்பா மட்டும் விரிந்திருப்பதைப் பார்த்து மூளையில் ஏதோ என்று பதறி ஓடுவார்கள். மாஸ்க் மூக்கின் மேல் சரியாக உட்காராததுதான் காரணமாக இருக்கும்.

இரண்டாவது மருந்தைத் தேடும் முன், இருக்கும் மருந்து உள்ளே போகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். 4 கிலோ பூனை ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய 40 மி.லி. காற்றுதான் இழுக்கும், ஸ்பேசரில் (இன்ஹேலரையும் மாஸ்க்கையும் இணைக்கும் குழாய்) இருப்பதை ஒரே இழுப்பில் காலி செய்ய அதனால் முடியாது. இன்ஹேலரை நன்றாகக் குலுக்குங்கள், பல நாள் சும்மா கிடந்திருந்தால் முதல் இரண்டு பஃப்பை வெளியே அடித்துவிடுங்கள். மாஸ்க்கை மூக்கு, வாய் இரண்டும் மூடும்படி வைத்து ஒரு பஃப் அடித்து 7 முதல் 10 மூச்சு எண்ணுங்கள். ஸ்பேசரில் இருக்கும் சின்ன ரப்பர் மடல் ஒவ்வொரு மூச்சுக்கும் லேசாக அசைய வேண்டும். அசையவில்லை என்றால் மாஸ்க் ஓரத்தில் காற்று கசிகிறது, அல்லது பூனை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்பேசரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் அப்படியே காயவிடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்துத் துகள் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஃப்ளூட்டிகசோனை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அது முழுமையாக வேலை செய்ய 10 முதல் 14 நாள் ஆகும். வீக்கத்தையும் சளியையும் குறைப்பது அதுதான். தளர்த்தும் மருந்து இரண்டு சேர்ந்தாலும் சளி அடைத்த குழலைத் திறக்காது. ஸ்டீராய்டு இல்லாமல் சால்பியூட்டமாலை மட்டும் தினமும் கொடுத்தால் பூனையின் மூச்சுக்குழலில் அழற்சி கூடுகிறது என்பதைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. தூங்கும்போது எண்ணினால் நிமிடத்துக்கு 30 மூச்சுக்குள் இருக்க வேண்டும். 40-ஐத் தாண்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, சால்பியூட்டமால் கொடுத்து அரை மணி நேரத்தில் அடங்காவிட்டாலோ நேராக மருத்துவமனை. கரும்பு எரியும் அன்று ஜன்னலைச் சாத்தி, பூனையை உள் அறையில் வைப்பதும் மருந்துக்குச் சமம்.

மெரபேங்க் வாசகர்: பேரனின் நீல இன்ஹேலரை எங்கள் நாய் கடித்து ஓட்டை போட்டுவிட்டது. 12 கிலோ நாய். அதற்கு ஏற்கனவே இருமலுக்குத் தியோஃபிலின் மாத்திரை போகிறது. ஒரு மணி நேரத்தில் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. டாக்டர் காப்பாற்றிவிட்டார். ஆனால் மூச்சுக்கான மருந்து ஏன் இதயத்தைத் தாக்கியது?

பதில்: புதிய இன்ஹேலரில் 200 பஃப், அதாவது 20 மி.கி. சால்பியூட்டமால். பல் பட்டவுடன் அழுத்தத்தோடு வாய்க்குள் பீய்ச்சும். வாயின் மென்தோல் வழியாக நேரே இரத்தத்துக்குப் போகும். அந்த அளவில் பீட்டா-2 ஏற்பியோடு நிற்காமல் இதயத்தின் பீட்டா-1 ஏற்பியையும் தட்டும். இரத்தத்தில் இருக்கும் பொட்டாசியத்தைத் தசைச் செல்களுக்குள் தள்ளிவிடும். நடுக்கம், தள்ளாட்டம், நிமிடத்துக்கு 200-ஐ எட்டும் இதயத் துடிப்பு எல்லாம் இதனால் வருபவை.

தியோஃபிலின் சைக்ளிக் ஏ.எம்.பி.-யைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. சால்பியூட்டமால் அதை ஏற்றுகிறது, தியோஃபிலின் இறங்கவிடாமல் பிடிக்கிறது. மூச்சுக்குழலில் நமக்கு வேண்டிய கூட்டு அதுதான். அதே கூட்டு இதயத்திலும் நடக்கும்போது துடிப்பு தாறுமாறாகும், பொட்டாசியம் இன்னும் இறங்கும். கூடவே பிரெட்னிசோன் போகும் நாய்க்கு இன்னும் கவனம் வேண்டும். ஸ்டீராய்டும் பொட்டாசியத்தைக் குறைக்கும்.

இன்னொரு முறை நடந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து வயிற்றில் இல்லை, நேரம்தான் போகும். பிளாஸ்டிக், தகரத் துண்டுகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இன்ஹேலர் டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள். எத்தனை பஃப் மிச்சமிருந்தது, உள்ளே இருந்தது சால்பியூட்டமாலா, அல்லது சால்மெட்டரால், ஃபார்மோட்டரால் போல நீண்ட நேரம் நிற்கும் மருந்தா என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். பின்னவை என்றால் கண்காணிப்பும் நீளும். பழுப்பு நிற ஸ்டீராய்டு இன்ஹேலரில் மட்டும் இந்த அபாயம் மிகக் குறைவு. துடிப்பை அடக்க டாக்டர் கொடுப்பது புரோப்ரனலால் வகை மருந்து. அது பீட்டா-2 ஏற்பியையும் சேர்த்து அடைப்பதால், இழைப்பு உள்ள நாய்க்கு மூச்சைக் கவனித்துக்கொண்டேதான் ஏற்றுவார்கள்.

ஃபீனிக்ஸ் வாசகர்: 20 கிலோ நாய், நாள்பட்ட பிராங்கைட்டிஸ். மெதுவாகக் கரையும் தியோஃபிலின் 200 மி.கி. காலை, மாலை ஒரு வருஷமாகக் கொடுக்கிறோம், எந்தத் தொந்தரவும் இல்லை. சிறுநீர்த் தொற்றுக்கு வேறொரு இடத்தில் என்ரோஃப்ளாக்சசின் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வாந்தி, இரவெல்லாம் நடை, மூச்சு இரைப்பு. ஆன்டிபயாட்டிக் ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: ஒத்துக்கொள்ளாதது தியோஃபிலின்தான். என்ரோஃப்ளாக்சசின் அதைக் கல்லீரல் வெளியேற்றும் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. நீங்கள் கொடுத்தது கிலோவுக்கு 10 மி.கி.; வழக்கமான அளவு. ஆனால் உள்ளே தேங்கியது அதற்கு மேல். இந்த இரண்டும் சேரவேண்டி வந்தால் தியோஃபிலினை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைப்பது வழக்கம். எரித்ரோமைசின், சிமெட்டிடின் இரண்டும் இதே வேலையைச் செய்யும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டால் நேர்மாறாக, தியோஃபிலினைச் சீக்கிரம் கழித்துவிடும். இருமல் திரும்பி வரும்.

மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடித்துச் சோற்றில் கலக்காதீர்கள். 12 மணி நேரத்துக்கானது ஒரே மணி நேரத்தில் இறங்கிவிடும். சாக்லேட்டும் அப்படித்தான்: அதில் உள்ள தியோப்ரோமின் தியோஃபிலினின் சொந்தக்காரன். தீபாவளிக்கு வந்த சாக்லேட் பெட்டி இந்த நாய்க்கு மற்ற நாய்களைவிட அதிக ஆபத்து. மனிதர்களுக்கான இருமல் சிரப் சிலவற்றிலும் தியோஃபிலின் இருக்கிறது, லேபிளைப் படிக்காமல் கொடுக்காதீர்கள். இரண்டாவது டாக்டரிடம் போகும்போது முதல் டாக்டரின் மருந்து டப்பாவை எடுத்துப் போயிருந்தால் இது நடந்திருக்காது. தயவுசெய்து இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இசிபிங்கோ வாசகி: ஆஸ்துமா பூனைக்குக் கண் அழுத்தத்துக்காக டிமோலால் சொட்டு மருந்து. கண்ணில் விடுவதுதானே, மூச்சுக்கு என்ன செய்யும்?

பதில்: செய்யும். கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி இரத்தத்தில் கலக்கும். டிமோலால் பீட்டா-1, பீட்டா-2 இரண்டையும் அடைப்பது. அது இருக்கும்போது சால்பியூட்டமால் பிடிக்க இடமில்லாமல் நிற்கும். பூனைக்கு ஆஸ்துமா என்று கண்ணுக்குப் பார்த்த டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள். அழுத்தத்தைக் குறைக்க வேறு வகைச் சொட்டு மருந்துகள் உண்டு.

சம்மர்வெல்ட் பக்கம் குதிரை லாயத்தில் வேலை செய்பவர்: 500 கிலோ குதிரை. இழுப்புக்குக் கிளென்பியூட்டரால் சிரப் கொடுத்தோம், முதல் வாரம் நன்றாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் கொடுத்தும் கொடுக்காததுபோல் இருக்கிறது. அளவைக் கூட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள். கிலோவுக்கு 0.8 மைக்ரோகிராம் வீதம் 500 கிலோவுக்கு ஒரு வேளைக்கு 400 மைக்ரோகிராம். ஒரு மி.லி.-க்கு 25 மைக்ரோகிராம் இருக்கும் சிரப் என்றால் 16 மி.லி. ஆனால் 72.5 மைக்ரோகிராம் உள்ள சிரப்பும் உலகில் உண்டு. அதில் 16 மி.லி. ஊற்றினால் மூன்று மடங்குக்கு அருகே போய்விடும். ஊசிக்குழாயில் அளக்கும் முன் ஒவ்வொரு பாட்டிலிலும் இந்த எண்ணைப் பாருங்கள்.

மருந்து உடம்புக்குப் பழகிப்போய்விட்டது. கிளென்பியூட்டராலும் சால்பியூட்டமாலைப் போலப் பீட்டா-2 ஏற்பியைத் தட்டும் மருந்துதான். ஓயாமல் தட்டப்படும் பீட்டா-2 ஏற்பிகள் செல்லுக்குள் இழுக்கப்படுகின்றன, எண்ணிக்கை குறைகிறது. அளவைக் கூட்டினால் இருக்கும் கொஞ்சத்தையும் களைப்பாக்கி, வியர்வை, நடுக்கம், படபடப்பைத்தான் வாங்குவீர்கள். டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு புதிய பீட்டா-2 ஏற்பிகளை உருவாக்கத் தூண்டுகிறது, இழந்த உணர்வு திரும்புகிறது. அதனால் இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது: ஒன்று தளர்த்துகிறது, மற்றது தளர்த்தும் மருந்துக்கு இடம் செய்து கொடுக்கிறது, வீக்கத்தையும் குறைக்கிறது. குளம்பு வீக்கம் வந்த குதிரை என்றால் ஸ்டீராய்டில் கவனம் வேண்டும். டாக்டர் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

குதிரையின் இழுப்பில் வேகஸ் நரம்பின் பங்கு பெரியது. அதனால்தான் அவசரத்தில் டாக்டர், அசிட்டைல்கோலினைத் தடுக்கும் புஸ்கோபான் என்ற மருந்தைக் கிலோவுக்கு 0.3 மி.கி. இரத்தக் குழாயில் ஊசியாகப் போட்டவுடன் 10 நிமிடத்துக்குள் வயிற்றோரத் துடிப்பு அடங்குவதைப் பார்க்கலாம். சிறிது நேரமே நிற்கும். கிளென்பியூட்டரால் ஏற்கனவே உள்ளே இருந்தால் இதயத் துடிப்பு இரண்டாலும் ஏறும். குடல் அசைவும் நிற்கும். அடுத்த சில மணி நேரம் வயிற்றுச் சத்தத்தையும் சாணத்தையும் கவனியுங்கள்.

பந்தயக் குதிரை என்றால் கிளென்பியூட்டரால் கொடுத்த நாள், நேரம், அளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுங்கள். கிரேவில் பந்தயத் திடலில் ஓடும் நாளில் அது உடம்பில் இருக்கக் கூடாது. லாயத்தில் டெஃப் புல் வைக்கோலை உதறிப் பாருங்கள்: தூசி எழுந்தால், தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் போடுங்கள். தூசி ஓயாத இடத்தில் எந்த மருந்துக் கூட்டும் நிலைக்காது.

வெஸ்ட்வில் மாணவி, மருந்தியல் முதுகலை: கினிப்பன்றி மூச்சுக்குழல் வளையத்தைக் கார்பகாலில் (அசிட்டைல்கோலின் போல வேலை செய்யும் மருந்து) சுருக்கி, சால்பியூட்டமால், இப்ராட்ரோபியம் தனித்தனியாகவும் சேர்த்தும் போடுகிறேன். ஒரு நாள் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடுவதுபோல் தெரிகிறது, மறுநாள் ஒன்றுமில்லை. எங்கே தவறு?

பதில்: நல்ல கேள்வி, விரிவாகவே எழுதுகிறோம். உங்கள் ஆரம்ப இறுக்கம் நாளுக்கு நாள் மாறுகிறது என்பதுதான் எங்கள் முதல் சந்தேகம். 0.3 மைக்ரோமோலார் கார்பகாலில் சுருங்கிய வளையத்தைச் சால்பியூட்டமால் எளிதில் தளர்த்தும். 10 மைக்ரோமோலாரில் சுருங்கியதைத் தளர்த்தத் திணறும். இப்ராட்ரோபியம் சேர்ந்தவுடன் கார்பகாலின் பிடி குறைவதால், சால்பியூட்டமாலின் வளைகோடு தானே இடப்பக்கம் நகரும், அதாவது குறைந்த அளவிலேயே அதே தளர்வு வரும். இது உண்மையான கூட்டுவிளைவுதான். ஆனால் இறுக்கத்தின் அளவைப் பொறுத்தது. அதைச் சொல்லாமல் ‘சினர்ஜி’ என்று எழுதினால் தேர்வாளர் விடமாட்டார்.

கணக்கையும் சரிபாருங்கள். சால்பியூட்டமால் தனியே 40 சதவீதம், இப்ராட்ரோபியம் தனியே 30 சதவீதம் தளர்த்தினால், இரண்டும் சுதந்திரமாக வேலை செய்யும்போது எதிர்பார்க்க வேண்டியது 70 அல்ல. முதலாவதுக்குப் பின் மிச்சம் 60. அதில் 30 சதவீதம் 18. ஆக 58. கிடைத்தது 58-ஐத் தெளிவாகத் தாண்டினால்தான் பேச்சு. தனியாகவே 85 சதவீதம் தளர்த்தும் அளவைத் தேர்ந்தெடுத்தால் மேலே ஏற இடமே இல்லை. 20 முதல் 40 சதவீதம் தரும் அளவுகளோடு வேலை செய்யுங்கள்.

காரணத்தைப் பிரிக்க இரண்டு பரிசோதனை போதும். முதலாவது: இப்ராட்ரோபியம் 10 நானோமோலாரில் 30 நிமிடம் ஊறவிட்டு, முந்தைய இறுக்கம் வரும்வரை கார்பகாலைக் கூட்டுங்கள், பிறகு சால்பியூட்டமால். கூட்டுவிளைவு மறைந்தால், அது முழுவதும் அசிட்டைல்கோலின் ஏற்பிகளில் நடந்த விஷயம். மிச்சமிருந்தால் வேறு காரணம் தேடலாம். இரண்டாவது: கார்பகாலுக்குப் பதில் ஹிஸ்டமினில் சுருக்குங்கள். கினிப்பன்றி ஹிஸ்டமினுக்கு நன்றாகச் சுருங்கும். இங்கே இப்ராட்ரோபியத்துக்கு அதிக வேலை இல்லை, கூட்டும் சுருங்கிவிட வேண்டும். பொட்டாசியம் குளோரைடில் சுருக்கினால் நரம்பு முனைகளிலிருந்து அசிட்டைல்கோலினும் கசியும் என்பதையும், சால்பியூட்டமால் பொட்டாசியம் வழித்தடங்களைத் திறந்து தளர்த்தும் பங்கு அங்கே அடைபட்டுப்போகும் என்பதையும் மறக்காதீர்கள்.

வளையத்தை உயிரோடு வைத்திருக்கும் கிரெப்ஸ் கரைசல் ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 6.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.35, மெக்னீசியம் சல்ஃபேட் ஏழு நீர் உப்பு 0.29, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.16, சோடியம் பைகார்பனேட் 2.1, குளுக்கோஸ் 2.0, கடைசியாகக் கால்சியம் குளோரைடு இரு நீர் உப்பு 0.37 கிராம். 95 சதவீதம் ஆக்சிஜனும் 5 சதவீதம் கார்பன் டைஆக்சைடும் கலந்த வாயுவை முதலில் குமிழவிட்டு, பிறகுதான் கால்சியம் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் பி.எச். ஏறியிருக்கும் கரைசலில் கால்சியம் படிந்து பால்போல் கலங்கும். கலங்கிய கரைசலை வடிகட்டிப் பயன்படுத்த நினைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். கால்சியம் குறைந்த தசை அன்று முழுவதும் சோம்பலாகவே சுருங்கும்.

வளையத்தை வெட்டும்போது பின்புறத் தசைப்பட்டையைத் தொடாமல், எதிரே இருக்கும் குருத்தெலும்பில் கத்தரி வையுங்கள். 37 டிகிரி, 1 கிராம் இழுவிசை, ஒரு மணி நேரம் ஓய்வு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை கழுவல். கினிப்பன்றித் தசை தானாகவே புரோஸ்டாகிளாண்டின் சுரந்து இறுக்கத்தோடு இருக்கும். இண்டோமெதசின் 3 மைக்ரோமோலார் போட்டு பதிவின் தொடக்க மட்டத்தை நிலைப்படுத்துங்கள். 10 மி.லி. குளியலில் (வளையம் தொங்கும் கரைசல் பாத்திரம்) ஒரு தடவைக்கு 100 மைக்ரோலிட்டருக்கு மேல் சேர்க்காதீர்கள். 0.1 மில்லிமோலார் கரைசலில் 100 மைக்ரோலிட்டர் விட்டால் உள்ளே 1 மைக்ரோமோலார். முழுத் தளர்வுக்கு ஐசோபிரெனலின் வைத்திருந்தால் அஸ்கார்பிக் அமிலம் கலந்து ஐஸில் வையுங்கள். இளஞ்சிவப்பாக மாறியது ஆக்சிஜனேற்றம் அடைந்தது. அதன் வலு போயிற்று. சால்மெட்டரால் போட்ட வளையத்தை மறுபடி பயன்படுத்தாதீர்கள், கொழுப்பில் ஒட்டிக்கொண்டு எத்தனை முறை கழுவினாலும் போகாது. ஒவ்வொரு நாளும் மருந்தே போடாத ஒரு வளையம் பக்கத்தில் ஓடட்டும். கார்பகால் இறுக்கம் நேரத்தோடு தானாக இறங்குவதைத் தளர்வு என்று எண்ணி ஏமாறுபவர்கள் நிறைய.

விலங்கு ஒவ்வொன்றும் மதிப்புள்ளது. ஒரு மூச்சுக்குழலில் பல வளையங்கள் கிடைக்கும். அவற்றை நான்கு குளியல்களுக்கும் பங்கிட்டால் விலங்கு எண்ணிக்கை குறையும், ஒப்பீடும் துல்லியமாகும். ஒரே விலங்கின் நான்கு வளையத்தை நான்கு விலங்கு என்று எண்ணிவிடாதீர்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி, ஆய்வு விலங்குகளுக்கான தென்னாப்பிரிக்கத் தரநிலையான சான்ஸ் 10386-இன்படி வேண்டும். 1984-ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டம், 20-ஆம் பிரிவின் அனுமதி உங்கள் திட்டத்துக்குத் தேவையா என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். இறைச்சிக்கு அறுக்கும் கூடத்திலிருந்து ஆட்டு மூச்சுக்குழல் வாங்கிப் பழகும் எண்ணம் இருந்தாலும் இதைக் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

அதே வளாகத்திலிருந்து இன்னொரு மாணவர்: எலி மூச்சுக்குழலில் ஹிஸ்டமின் போட்டால் சுருக்கத்தைப் பதியும் ஊசி அசையவே இல்லை. மருந்து கெட்டுவிட்டதா?

பதில்: மருந்து நன்றாகத்தான் இருக்கும். எலியின் மூச்சுக்குழல் ஹிஸ்டமினுக்கு ஏறக்குறைய அசைவதே இல்லை. அதற்குச் செரட்டோனினும் கார்பகாலும்தான் பேசும். பூனைக்கும் செரட்டோனின் முக்கியம். கினிப்பன்றிக்கு ஹிஸ்டமின். நாயிலும் குதிரையிலும் அசிட்டைல்கோலின் முன்னே நிற்கிறது. ஒரு விலங்கில் பார்த்த கூட்டுவிளைவை இன்னொன்றுக்கு எழுதும் முன், அந்த விலங்கின் குழலைச் சுருக்குவது எது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஹிஸ்டமினைச் சந்தேகப்பட்டால் பக்கத்துக் குளியலில் இருக்கும் கினிப்பன்றி வளையத்தில் 10 மைக்ரோமோலார் விட்டுப் பாருங்கள், அரை நிமிடத்தில் ஊசி எழும்.